மனை இல்லாதவனுக்கு ஏது வாரியம்?

கனடாவில் குடியேறி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நண்பர் ஒருவர், 2025 ஏப்ரலில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வந்து போனார். திரும்பிச் சென்றதும் எனக்கு நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். அவர் வசிப்பது ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பு. ஏறக்குறைய எழுபது வீடுகள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா உண்டு. புல் வளர்ந்து கணுக்காலைத் தொட்டால் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஏரியில் இயந்திரப் படகு ஓடலாமா, வாத்துகளுக்கு ரொட்டி போடலாமா என்பதற்கெல்லாம் வாக்கெடுப்பு நடக்கும். இதையெல்லாம் பெருமையோடு விவரித்துவிட்டு, கடைசிப் பந்தியில் விஷயத்துக்கு வந்தார். நானுஓயாவில் புகையிரதத்தை விட்டு இறங்கி மேலே போகும் வழியில் ஆற்றைப் பார்த்தாராம். பிளாஸ்டிக் பைகளும் போத்தல்களும் மிதந்தனவாம். பாதையோர லயங்களின் முன்னால் கான் அடைத்துக் கிடந்ததாம். 'நம் ஆட்களுக்கு இந்தக் கூட்டுப் பொறுப்பு என்பது இரத்தத்திலேயே கிடையாது' என்று எழுதியிருந்தார். குப்பைத் தொட்டிகள் வாங்கப் பணம் அனுப்பவும் முன்வந்திருந்தார். மனிதர் நல்லவர். அந்தப் பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த மடலுக்கு நான் அப்போது பதில் எழுதவில்லை. இவ்வகை மடல்கள் வெளிநாட்டிலிருந்து வருவது புதிதல்ல. பத்திரிகையில் இருந்த காலத்திலும் வாசகர் கடிதப் பகுதிக்கு மாதம் ஒன்றாவது வரும். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்தது, நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, நுவரெலியா மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. அதற்குப் பிறகும் பதில் எழுதாமலிருப்பது கோழைத்தனம் என்று தோன்றியது. அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவர் தனி மனிதர் அல்லர். அவரைப் போல நினைப்பவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். ஏன், ஹட்டனில் கடை வைத்துப் பிழைத்து மேலேறிய நம்மவர்களிடையேயும் இருக்கிறார்கள்.

முதலில் ஏரியைப் பார்ப்போம். நுவரெலியாவின் கிரகரி வாவி இயற்கையானதல்ல. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பீதுருதாலகால மலையிலிருந்து இறங்கும் தலகல ஓடையை மறித்துக் கட்டியது. பின்னர் 1913இல் அதன் நீரைச் சுரங்க வழியே நானுஓயாப் பாதையிலுள்ள பிளாக்பூலுக்குத் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். வாவியின் நீர் இறங்கி நானு ஓயாவாகி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. நண்பர் பார்த்த ஆறு, அவர் படகில் ஏறிச் சவாரி செய்துவிட்டு வந்த வாவியின் கீழ்ப்பக்கம். அந்த வாவிக்குள் என்ன சேர்கிறது? மேட்டு நில மரக்கறித் தோட்டங்களிலிருந்து மழையோடு அடித்து வரும் மண்ணும் உரமும். நகரத்தின், விடுதிகளின் கழிவுநீர். வசந்த காலத்தில் வந்து போகும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகளின் மிச்சம். வாவி தூர்வதும் பாசி படர்வதும் பல காலமாகப் பேசப்பட்டு வரும் செய்தி. கீழே ஓடிவரும் பிளாஸ்டிக் பைக்கு ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனால் கரையில் லயம் இருந்தால், பழி லயத்தின்மேல்தான் விழும்.

இது ஒரு பக்கம். நண்பர் சொன்ன அடைத்த கானை நான் மறுக்கவில்லை. அது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியும் போயிருக்கிறேன். என் கேள்வி வேறு: அந்தக் கான் யாருடையது?

நண்பரின் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். அதில் உறுப்பினராவதற்கு நற்குணம் தேவையில்லை, இரத்தத்தில் கூட்டுப் பொறுப்பு ஓடவேண்டியதில்லை. வீட்டின் உறுதி அவர் பெயரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். உறுதியோடு ஒட்டிக்கொண்டு வருவது சங்கம். வீட்டை விற்றால் உறுப்புரிமையும் போய்விடும். ஏரி அழுகினால் வீட்டின் விலை இறங்கும். ஆகவே ஏரியைக் காக்கிறார்கள். இதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் இதைப் பண்பாடு என்று நினைத்துக்கொண்டு மற்றவரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதுதான் இழிவு.

நமது நாட்டிலும் இச்சட்டம் இருக்கிறது. கொழும்பில் தொடர்மாடி வீடொன்றை வாங்குபவர், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டத்தின்படி, அந்தக் கட்டடத்தின் முகாமைக் கூட்டுத்தாபனத்தில் தாமாகவே உறுப்பினராகிவிடுகிறார். மாடிப்படி, மின்தூக்கி, நீர்த்தொட்டி, கூரை ஆகியவை பொது ஆதனம். அவற்றில் அவருக்குப் பங்கு உண்டு, செலவிலும் பங்கு உண்டு, பேச்சிலும் பங்கு உண்டு. சண்டை வந்தால் போய் நிற்பதற்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்றொரு நிறுவனமும் இருக்கிறது. நேற்று வாங்கியவருக்கு இன்று இத்தனை உரிமை. நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டமொன்றில் ஐந்து தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து அதிலேயே செத்த குடும்பத்துக்கு, அந்தக் காம்பராவின் கூரைத் தகரத்தை மாற்றுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய லயக் காம்பராவின் பழக்கப்பட்ட அளவு. அந்த 120 சதுர அடியில் ஒரு சதுர அடிகூட அவர்களுடையதல்ல. வாசலும் அவர்களுடையதல்ல. இஸ்தோப்பும் அல்ல. கானும் அல்ல.

தன்னுடையதல்லாத கானை மனிதன் எதற்காகத் துப்பரவு செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. செய்துதான் வந்திருக்கிறான் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பீலிக்கரையில் யார் முதலில் குடம் பிடிப்பது, எந்த நேரத்துக்குப் பிறகு துணி துவைக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கும். சாவு விழுந்தால் மரண சகாய நிதியிலிருந்து அந்த இரவே பணம் கைக்கு வரும். கணக்கு ஒரு நூறு பக்கக் கொப்பியில் இருக்கும், ஒரு சதம் பிசகாது. மாசி மாதக் காமன் கூத்துக்கு மூங்கில் வெட்டுவது யார், மேளத்துக்குப் பணம் கொடுப்பது யார், இரவெல்லாம் தேநீர் கொடுப்பது எந்த லயம் என்பது வருடா வருடம் முறை வைத்து நடக்கும். அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்க எழுதிக் கொடுப்பார்கள். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கோயிலுக்கு மண் சுமந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கோயில் நின்ற நிலமும் கம்பனியுடையதுதான். நண்பரின் ஏரிக்கரையில் உறுதிப் பத்திரம் இருப்பதால் சங்கம் இருக்கிறது. இங்கே உறுதிப் பத்திரம் இல்லாமலேயே சங்கம் இருந்தது. எவருடைய இரத்தத்தில் எது ஓடுகிறது என்பதை இனி அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை பேச அனுமதியுங்கள். நம்முடைய மேடைப் பேச்சாளர்களுக்கு உத்திரமேரூர் என்றால் உயிர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அடுக்கி, ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழன் ஜனநாயகம் கண்டான் என்று முடிப்பார்கள். கைதட்டல் எழும். ஏரியைக் காக்க ஊரார் சேர்ந்து அமைத்த குழு என்ற வகையில் அது நண்பரின் கனடாச் சங்கத்துக்கு மூத்த பாட்டன்தான். ஆனால் அந்தக் கல்லிலேயே இன்னொன்றும் வெட்டியிருக்கிறது. அதை மேடையில் மெதுவாகச் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். ஆகவே மற்றத் தகுதிகளைப் பற்றிப் பேசவேண்டிய தேவையே இல்லை. ஏரியை வெட்டியவன், கரையில் மண் சுமந்தவன், மடையைத் திறக்க நீருக்குள் மூழ்கியவன் இவர்களின் பெயர் குடத்துக்குள் போகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்து சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். மனை இல்லாதவனுக்கு வாரியம் இல்லை என்ற விதி அவர்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து காத்துக்கொண்டிருந்தது. 1948இல் அது குடியுரிமைச் சட்டமாக வந்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் அமர்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் கணக்கைத் தீர்க்க 2003 வரை, புதிய சட்டமொன்று வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நிலச்சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் நடந்தது. கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்துக்காரனுக்கு எசமான் மாறினார், மனை கிடைக்கவில்லை. 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயிற்று. 53 ஆண்டுக் குத்தகை. 2045இல் முடிகிறது. அந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

பிரதேச சபை என்றொன்று உண்டே என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மனிதர் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினர் தம் லயத்துக்கு வரும் பாதையில் ஒரு கல்வெட்டுப் பாலம் போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அதற்குள் அந்தப் பாதையில் ஒரு தலைமுறை வழுக்கி விழுந்து எழுந்துவிட்டது. குப்பை அள்ள வண்டி வரவில்லையே என்று நண்பர் கேட்கிறார். வரக்கூடாது என்று சட்டம் இருந்தது ஐயா.

சரி, லயத்தில் சங்கமே அமைக்கவில்லையா? அமைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின், மக்கள் வாயில் 'ட்ரஸ்ட்'டின், அணைப்பில் நடந்தது. அந்த ட்ரஸ்டோ அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த மும்முனை அமைப்பு. அச்சங்கங்களின் கூட்டம் ஒன்றிரண்டுக்கு நான் செய்தியாளனாகப் போயிருக்கிறேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். தலைவர் நாற்காலியில் துரை உட்கார்ந்திருப்பார். எதிரே உறுப்பினர்கள் நிற்பார்கள். உட்காரச் சொன்னாலும் பாதிப் பேர் நிற்பார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கும் மனிதரிடம் மாலையில் எழுந்து, கூரை ஒழுகுகிறது, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? நண்பரின் ஏரிக்கரைச் சங்கத்துக்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியே நிரந்தரத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். வாத்துக்கு ரொட்டி போடுவதைப் பற்றி வாக்கெடுப்பு நடக்குமா?

பொதுச் சொத்தை மக்களே காக்க முடியும் என்பதை உலகெங்கும் ஆராய்ந்து எழுதி 2009இல் நோபல் பரிசு பெற்றார் எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அம்மையார். அவர் கண்ட முக்கியமான நிபந்தனைகளில் ஒன்று, விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை அமைப்பதில் பங்கு பெறவேண்டும் என்பது. இதற்கு நோபல் பரிசு தேவைப்பட்டதே என்று ஒரு பழைய கணக்கப்பிள்ளை என்னிடம் சிரித்தார்.

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருகிறேன். எழுதினால் சில நண்பர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

7 பேர்ச்சஸ் என்றார்கள். 10 பேர்ச்சஸ் என்றார்கள். 2024 வரவு செலவுத் திட்டத்தில் காணி உரிமைக்கென்று 400 கோடி ரூபா ஒதுக்கினார்கள். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகள். 2017இல் நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்றார். கட்டிய வீடுகள் நல்ல வீடுகள். 550 சதுர அடி, சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் எதைப் பற்றி? ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை பேர்ச்சஸ் என்பதைப் பற்றி மட்டும். 7 பேர்ச்சஸ் என்றால் 1,900 சதுர அடி. 10 என்றால் 2,700. ஏலம் கூறுவதுபோல் கட்சிகள் அதைக் கூட்டிக்கொண்டே போயின. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள படிக்கட்டு யாருடையது? மேலே ஊற்று இருக்கும் பற்றை யாருடையது? அதைக் கம்பனி நாளை வெட்டிக் கோப்பியோ கறுவாவோ நட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? மலைச்சரிவில் மழைநீரை இறக்கும் பெரிய கான், மைதானம், சுடலை, கோயில் நிலம் இவை யாருடைய பெயரில்? எந்தத் தலைவரும் மேடையில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கோயில் நிலத்துக்குக்கூட உறுதி கேட்காத பக்திமான்கள்.

விளைவைப் புதிய குடியிருப்புகள் சிலவற்றில் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள் தரை மின்னுகிறது. வெளியே தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. பழைய லயத்தில் வரிசை முறை வைத்திருந்த அதே மக்கள்தான். இங்கே ஒரு வரிசை ஒரு தொழிற்சங்கத்துக்கு, அடுத்த வரிசை மற்றத் தொழிற்சங்கத்துக்கு. கிராமக் குழு என்று ஒன்று அமைத்தால் அதற்கும் கட்சி நிறம். தலைவர் மாறினால் குழு மாறும். குழு மாறினால் நீர்த்தொட்டியின் சாவி மாறும். குடியிருப்பாளர் என்ற முறையில் மட்டும் ஒரு சங்கம் இருந்தால், சந்தாவைச் சம்பளத்தில் கழித்தே பழகிய தொழிற்சங்கங்களுக்கு வேலை குறைந்துவிடும் என்ற அச்சம் இதன் பின்னால் இல்லை என்று என்னை நம்பச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

மலையில் பொதுக் கான் என்பது அழகுக்கு அல்ல. மீரியபெத்தை நினைவிருக்கிறதா? 2014 அக்டோபர் 29. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது அபாயகரமான இடம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போய்விடு என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. தனக்கென்று ஓரடி நிலம் இல்லாதவன், எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதே காம்பராவில் படுத்துறங்கினான். பதினோரு ஆண்டுகள் கழித்து டித்வா. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா, நிலமும் போயிருந்தால் நிலம் வாங்க இன்னொரு 50 இலட்சம் வரை என்று அரசு அறிவித்தது. பெரிய தொகைதான், பாராட்டத்தான் வேண்டும். உடனே மலையகத்தில் எழுந்த கேள்வி என்ன தெரியுமா? லயத்தை இழந்தவன் வீட்டை இழந்தவனா? வீடு கம்பனியுடையது, நிலம் அரசினுடையது. அவனிடம் இழப்பதற்கு உயிரைத் தவிர என்ன இருந்தது?

நீர்த்தேக்கங்களின் கதையும் இதுவே. மவுசாக்கலை அணை 1969இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்கடியில் போனது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். மக்கள் இறங்கிப் போய் விளக்கேற்றிவிட்டு வருவார்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. 2012இல் 150 மெகாவாட் மின்சாரம் வந்தது. நல்ல வீடுகளை அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நிலம் இல்லை, பணம் இல்லை என்று நூறாண்டு கேட்டு வந்த பதில், அரசுக்கு அந்த இடம் தேவைப்பட்ட நாளில் மாறிவிட்டது. ஆகவே முடியாது என்பதல்ல.

செய்யவேண்டியது கடினமான காரியமுமல்ல. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டமாகிவிட்டது. இருக்கும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே தொடங்கலாம். குடும்பத்துக்கு உறுதி கொடுக்கும் அதே நாளில், ஊற்று, கான், பாதை, மைதானம், சுடலை, கோயில் நிலம் ஆகியவற்றை அளந்து, கிராமத்துக் குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் ஒரே உறுதியாக எழுதவேண்டும். கொழும்புத் தொடர்மாடிக்கு 1973இல் கொடுத்த அதே சட்டத் தத்துவம்தான். கணவன் பெயரோடு மனைவி பெயரும் அதில் இருக்கவேண்டும். பீலிக்கரையின் நியாயம் அறிந்தவர்கள் பெண்கள். துரைக்கும் தொழிற்சங்க மாவட்டத் தலைவருக்கும் அங்கே நாற்காலி கூடாது. விருந்தாளியாக வரட்டும், தேநீர் கொடுக்கலாம். 2045இல் குத்தகை முடியும்போது பேசிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால், அதற்குள் எத்தனை நவம்பர் வரும் என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

நண்பரின் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இவ்வளவையும் எழுதியதற்கு அவர் கோபிக்கவில்லை. குப்பைத் தொட்டி வேண்டாம், அந்தப் பாதையோர லயத்தில் படிக்கும் பிள்ளை ஒருவருக்கு நேரே உதவுகிறேன், முகவரி அனுப்புங்கள் என்று பதில் போட்டார். விசாரித்து, உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியின் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் வீட்டு இலக்கம் எழுத வேண்டும். லயத்துக்கு வீட்டு இலக்கமும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. தபால் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போகும். அங்கே பிரித்து அடுக்கி, யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார்கள். பல்கலைக்கழக நேர்முகக் கடிதங்கள் அப்படித் தாமதித்துப் போன கதைகளை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். வேறு வழி தெரியாமல், அந்தப் பிள்ளையின் பெயருக்குக் கீழே துரையின் கந்தோர் முகவரியைத்தான் எழுதி அனுப்பினேன்.